நானூற்றுப் பன்னிரண்டாவது கலைமான்

ஹோர்ன்யாக் வெண்டெல் முப்பத்தொரு வருடத்தில் நானூற்றுப் பதினொரு கலைமான்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தார். உயிரோடு பார்த்தது இரண்டே இரண்டு. ஒன்று பேருந்து ஜன்னலிலிருந்து. அது புதருக்குள் நுழைந்துகொண்டிருந்ததால் பின்பக்கம் மட்டும் தரிசனம் கிடைத்தது. மற்றொன்று புடாபெஸ்ட் மிருகக்காட்சிசாலையில். மழைக்கு ஒதுங்கிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இவரிடம் குடை இல்லாததால் அதிக நேரம் நிற்கவில்லை.

இது தெரிந்தவள் அவர் மனைவி தெரேஸ் ஒருத்திதான். ஊர் அறிந்த கதை வேறு. டான்யூப் ஆற்றங்கரையில் சார்வேக் என்ற அந்தச் சின்ன ஊரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு ஓக் காடு. அந்தக் காட்டில் விடியுமுன் போய், பரண்மேல் மூச்சை அடக்கி உட்கார்ந்து, மானின் கண்ணில் பனி மின்னுவதைப் பார்த்து வந்து வரைகிற மகான் என்று பெயர். பச்சைக் கம்பளிக் கோட்டு, இறகு செருகிய தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ். பூட்ஸில் எப்போதும் ஈரச் சேறு. அந்தச் சேறு தெரேஸின் தக்காளிப் பாத்தியில் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக் குழைத்தது.

"இன்னிக்கு எந்தக் காடு?" என்று அவள் பாத்தி ஓரத்தில் நின்று கேட்பாள். "கிழக்குப் பக்கம்னா கொஞ்சம் மணல் கலந்துக்கோ. போன வாரம் கிழக்கே போனேன்னுட்டு களிமண்ணோட போய் நின்னே."

"எவன் பாக்கிறான்?"

"எவனும் பாக்க மாட்டான். அதை வெச்சுத்தானே நம்ம பொழப்பே ஓடுது."

வெண்டெல் ஆரம்பத்தில் மான்காரர் இல்லை. ஓவியக் கல்லூரியை விட்டு வந்ததும் அலுவலகச் சுவர்களுக்குத் தலைவர்களை வரைந்தார். நல்ல வியாபாரம்தான், எல்லா அலுவலகத்திலும் சுவர் இருந்தது. ஆனால் தலைவர்கள் நம்பிக்கையான சரக்கு இல்லை. வார்னிஷ் காய்வதற்குள் ஆள் மாறிவிடுவார். ஒருமுறை மீசையை அழித்து, வழுக்கையை ஏற்றி, அதே கோட்டுக்குள் அடுத்தவரை உட்கார வைத்தார். கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. அந்த வருடம்தான் மாவட்டச் செயலாளர் ஒருவர் ஒரு கலைமானைச் சுட்டுவிட்டு, அதன் பக்கத்தில் தன்னை நிற்க வைத்து வரையச் சொன்னார். வெண்டெல் வரைந்தார். படம் ஆறு வருடம் சுவரில் இருந்தது. செயலாளர் போன பிறகும் இருந்தது, ஏனென்றால் அடுத்து வந்தவன் செயலாளர்மேல் பூசி மறைத்துவிட்டு மானை வைத்துக்கொண்டான்.

மான் கட்சி மாறாது என்று வெண்டெலுக்கு அப்போது புரிந்தது.

இன்னொன்றும் சீக்கிரமே புரிந்தது. வேட்டைக்காரனுக்கு மான் வேண்டாம். அவனுக்கு அவன்தான் வேண்டும், கொஞ்சம் பெரிதாக. ஆகவே கொம்புக்குப் பத்து சதவீதம் கூட்டு, தொப்பைக்குப் பத்து சதவீதம் கழி. கண்ணாடியை எடுத்துவிடு. வானத்தில் தங்க நிறத்தைத் தாராளமாகக் கொட்டு, தங்கநிறச் சாயத்துக்கு ஒன்றும் பெரிய விலையில்லை. இந்தச் சூத்திரத்தை அவர் முப்பது வருடம் மாற்றவில்லை. வாங்கியவர்களைப் பற்றி அவருக்கு ஒரே அபிப்பிராயம்: கொம்பு முளைக்காத கழுதைகள். அவர்களில் ஒருவன்கூட அந்தக் கொம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை.

அது வந்தது பின்னறையிலிருந்து. ஜன்னலில் கறுப்புத் துணி, கதவில் இரண்டு பூட்டு. உள்ளே ஒரு ஸ்லைடு புரொஜக்டர், சட்டம் போட்ட சின்னப் படச்சுருள் துண்டைச் சுவரளவு பெரிதாகக் காட்டுகிற விளக்கு. வேட்டைக்காரர்கள் தங்கள் மானோடு நின்று எடுத்த படத்தை ஸ்லைடாக வாங்கி, ஓவியத் துணிமேல் பெரிதாக விழவைத்து, பென்சிலால் ஓரம் ஓரமாக வரைந்துகொண்டு, அப்புறம் உள்ளே வண்ணம் நிரப்புவார். "பின்னணிக்கு மட்டும் ஒரு போட்டோ குடுங்க, உங்க முகத்தை மறந்துடக் கூடாது பாருங்க" என்றுதான் கேட்பார். முகத்தை மறக்காத அந்தப் புண்ணியத்தில் மானும் வந்துவிடும்.

பிறகு ஆட்சியே மாறியது. பழைய கனவான்கள் புதுத் தொப்பியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஜெர்மானியர்களும் ஆஸ்திரியர்களும் கார்களில் வந்து மான்களைச் சுட்டார்கள். வெண்டெலுக்குப் பொற்காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் லேஹெல் என்று ஒருத்தன் வந்து சேர்ந்தான். அடுப்புப் புகைக்குழாய் நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருந்தான். அவன் நிஜமாகவே காட்டில் போய்க் கிடந்தான். எடுத்த படத்தைக் கதவளவு பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஒரே வாரத்தில் கொடுத்தான், அதுவும் வெண்டெல் கேட்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு. முந்தின வருடம் வெண்டெலுக்குப் பத்தொன்பது படங்கள். இந்த வருடம் செப்டம்பர் வரை நாலு.

"போட்டோவுல உயிர் இருக்கா? மனுஷன் கண்ணால பாத்து, மனசுல வாங்கி வரையிறது வேற," என்று வெண்டெல் ஆற்றங்கரைச் சாராயக் கடையில் காரமான மீன் சூப்பை உறிஞ்சிக்கொண்டே சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு லேஹெலிடம் போய் வாங்குவார்கள்.

இந்த நேரத்தில்தான் பக்‌ஷாய் ஒட்டோகார் கூப்பிட்டனுப்பினார். பக்‌ஷாய் முன்னாளில் கட்சியில் மாவட்டப் பெரும்புள்ளி, இந்நாளில் தொத்திறைச்சித் தொழிற்சாலை முதலாளி, அந்த வசதியில் சார்வேக் வேட்டைச் சங்கத்தின் தலைவர். துப்பாக்கி தூக்கி நாலு வருடம்தான் ஆகிறது. அந்த செப்டம்பரில் பதினொன்றரைக் கிலோ கொம்புள்ள ஒரு கலைமானைச் சுட்டுவிட்டார். அதாவது, சங்கத்தின் தலைமை வேட்டைக்காவலர் தெம்யேன் ரோகுஷ் அவரை அதன் எதிரே கொண்டுபோய் நிறுத்தி, துப்பாக்கியைத் தாங்கி வைத்து, "இப்ப" என்று சொன்னார்.

"மாஸ்டர், நாலு மீட்டர்!" என்றார் பக்‌ஷாய், கையை விரித்து. "புதுக் கூடத்துல மேடைக்குப் பின்னாடி சுவர் முழுக்க. நானும் மானும். நவம்பர் மூணு, ஹூபெர்ட் திருநாள் அன்னிக்குத் திறக்கிறோம். அன்னிக்கே உங்களைக் கௌரவ வேட்டைக்காரரா சங்கத்துல சேத்துடறோம். சங்கத்து ஆள்னா மாவட்டத்துல பதினாலு கூடம் இருக்கு, எல்லாத்துலயும் உங்க படம்தான். போட்டோ கீட்டோ ஒண்ணும் உள்ள வராது."

வெண்டெல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பதினாலு கூடம். லேஹெலின் புகைக்குழாய் பதினாலு வாசலிலும் வெளியே நிற்கும்.

"கண்ணால பாத்து வரையிற மனுஷன்தான் எங்களுக்கு வேணும்," என்று பக்‌ஷாய் அழுத்திச் சொன்னார். "போட்டோவைப் பாத்து எழுதறதுக்கு நான் ஏன் உங்களைக் கூப்பிடணும்? நேரா போட்டோகாரனையே கூப்பிட்டுடுவேனே."

"அது சரிதான்," என்றார் வெண்டெல். "பின்னணிக்கு மட்டும் ஒரு ஸ்லைடு குடுங்க."

ஸ்லைடை எடுத்தவர் பக்‌ஷாயின் மருமகன். ஸ்லைடின் ஓரத்தில், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரிவதற்காக ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது வழக்கம். மருமகன் வைக்கவில்லை. தெரேஸ் சமையலறையிலிருந்து "சூப்பு ஆறுது, வரியா இல்லையா?" என்று மூன்றாவது முறை கத்தியபோது வெண்டெல் அதைச் செருகினார், திருப்பி. சுவரில் மான் விழுந்தது, பக்‌ஷாய் விழுந்தார், பின்னால் மரங்கள். மரத்துக்கு இடது வலது உண்டா? மற்ற சமயமாக இருந்தால் சுவரில் மாட்டிய கொம்பைத் தள்ளி நின்று பார்த்து ஒப்பிட்டிருப்பார். இந்தக் கொம்பு எடை போட்டுப் பதக்கம் கொடுக்கிற குழுவிடம் போயிருந்தது. ஐந்து வாரம் இரவு பகலாக வேலை செய்தார். பக்‌ஷாயின் தொப்பையில் இந்த முறை இருபது சதவீதம் கழித்தார்.

நவம்பர் இரண்டாம் தேதி மதியம் படத்தைக் கூடத்தில் மாட்டினார்கள். வேலையாட்கள் சாப்பிடப் போனார்கள். வெண்டெல் மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எதெல்கா வந்தாள், தோளில் ஒரு கோணிப்பையோடு.

எதெல்காவுக்குத் தொழில் மண்டை ஓடு வேகவைப்பது. வெட்டிய தலையைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து, சதையைச் சுரண்டி, வெளுத்து, பலகையில் கொம்போடு பொருத்திக் கொடுப்பாள். எத்தனை கழுவினாலும் அவளிடம் அந்த வாடை ஒரு இழை இருக்கும். வெண்டெல் இருபது வருடமாக அவளுக்குக் கை கொடுத்ததில்லை. தொப்பியைத் தொட்டு ஒதுங்கிவிடுவார்.

அவள் பையை இறக்கி, பக்‌ஷாயின் கொம்பை வெளியே எடுத்துத் தரையில் நிறுத்தினாள். படத்தைப் பார்த்தாள். கொம்பைப் பார்த்தாள். மறுபடி படத்தை.

"மாஸ்டர்," என்றாள், "இந்த மானு செத்த பிறகு கண்ணாடி பாத்துச்சா?"

"என்ன உளர்ற?"

"வலது கொம்புல மூணாவது கிளை ஒடைஞ்சிருக்கு, பாருங்க. வேற மானோட சண்டை போட்டு ஒடைச்சுக்கிச்சு. உங்க படத்துல இடது கொம்புல ஒடைஞ்சிருக்கு."

வெண்டெல் பார்த்தார்.

எதெல்கா படத்தின் அருகே போய், சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்க்கிறவள் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "தலைவர் கோட்டுப் பொத்தான் பொம்பளைங்க கோட்டு மாதிரி பூட்டியிருக்கு. அவர் பொண்டாட்டியோடதா? கல்யாண மோதிரத்தை நம்ம ஊர்ல வலது கைலதான் போடுவாங்க, இதுல இடது கைல. துப்பாக்கித் தாழ்ப்பாளும் இடது பக்கம்." திரும்பினாள். "ஸ்லைடை மாத்திச் சொருகிட்டீங்க."

"எந்த ஸ்லைடு? நான் காட்டுல..."

"வேணாம் மாஸ்டர். ஆள் இல்லாதப்ப அந்தக் கதையைச் செலவு பண்ணாதீங்க."

வெண்டெல் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "எதெல்கா. இந்தக் கொம்பை எங்கே மாட்டச் சொல்லியிருக்காங்க?"

"படத்துக்கு நேர் கீழே. அளந்து ஆணி அடிச்சு வெச்சிருக்கு."

"அவ்வளவு பெரிய கொம்பை நாளைக்குள்ள மாத்தி எழுத முடியாது. ஒடைஞ்ச கிளையை ஒட்டிட்டு, இந்தப் பக்கக் கிளையைக் கொஞ்சம்... உன்கிட்ட ரம்பம் இருக்குமே."

அவள் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சத்தமாகச் சிரித்தாள். "எடை போட்டு முத்திரை குத்தின கொம்பு! கை வெச்சா நான் ஜெயிலுக்குப் போவேன். நீங்க அங்கேயும் வந்து என்னை வரைவீங்க, திருப்பி."

"சரி, வேற இடத்துல மாட்டு. எதிர்ச் சுவர்ல, வாசலுக்கு மேல. அங்கே மாட்டினா படத்தைப் பாக்கிறவன் கொம்புக்கு முதுகு காட்டித்தான் நிப்பான். வெளிச்சத்துக்காக மாஸ்டர் மாத்தச் சொன்னார்னு சொல்லு."

"எனக்கு என்ன வரும்?"

"உன்னை வரைஞ்சு தரேன். பெரிசா."

"எங்க கோழிக்கூண்டுல அவ்வளவு எடமில்லை."

"பணம்?"

"பக்‌ஷாய் குடுக்கிறார். வேற சொல்லுங்க."

"நீயே சொல்லு."

எதெல்கா யோசித்தாள். பேரத்தில் அவளுக்கு அவசரமே இல்லை. "ரெண்டு விஷயம். உயிரோட எத்தனை மானு பாத்திருக்கீங்க? நெஜத்தைச் சொல்லணும்."

வெண்டெல் தொப்பியைக் கழற்றி இறகைச் சரிசெய்தார். கடைசியில், "ரெண்டு," என்றார்.

"முழுசா?"

"ஒண்ணரை."

"சரி. இப்ப ரெண்டாவது. ஏணி அங்க இருக்கு. கொம்பைத் தூக்கிட்டுப் போய் நீங்களே மாட்டுங்க. நானூறு வரைஞ்சிருக்கீங்க. ஒண்ணு தூக்கினா தப்பில்லை."

பதினொன்றரைக் கிலோ, கிளைகள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு. ஒன்று அவர் காதில் குத்தியது, ஒன்று கோட்டுப் பையில் மாட்டிக்கொண்டது. அடிக்கொம்பு, பட்டை உரித்த மரம்போல் சொரசொரவென்றிருந்தது; அவர் அதை எப்போதும் வழுவழுப்பாகத்தான் வரைந்திருந்தார். இதிலிருந்து அவருக்கு ஏதாவது ஞானம் பிறந்திருக்கலாம். பிறக்கவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

கீழே இறங்கி மூச்சு வாங்கினார். "பொத்தான், மோதிரம், தாழ்ப்பாள் மூணையும் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்தி எழுதிடறேன். வேற ஒண்ணும் இல்லையே?"

எதெல்கா படத்தை மறுபடி பார்த்தாள். முன்னால் புல்லில் மான் கிடந்தது. கால்களை நீட்டி, இடது விலா தரையில் பட, வலது விலாவில் தங்க வெளிச்சம் வழிய. அவள் உதட்டைக் கடித்தாள்.

"உங்களுக்கு வேற ஏதாவது தப்பாத் தெரியுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை."

"அப்ப ஒண்ணுமில்லை," என்று பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் வெண்டெல் பொத்தான்களை மறுபக்கம் கொண்டுபோனார். மோதிரத்தைக் கை மாற்றினார். தாழ்ப்பாளைத் திருப்பினார். வீட்டுக்குப் போய் இரண்டு கிண்ணம் பிளம் சாராயம் குடித்தார். தெரேஸ், "என்ன, முகத்துல இவ்வளவு களை?" என்று கேட்டதற்கு, "கழுதைங்க. எதைக் காட்டினாலும் மேயும்," என்று சொல்லிவிட்டுத் தூங்கினார்.

ஹூபெர்ட் திருநாள். வேட்டைக்காரர்களின் புனிதருக்குப் பாதிரியார் பூசை முடித்ததும் கூடத்தில் எண்பது பேர் கூடினார்கள், எல்லோரும் பச்சைக் கோட்டு. பின்வரிசையில் லேஹெல்கூட நின்றான், கழுத்தில் காமிராவோடு. பக்‌ஷாய் கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது.

கூடம் அமைதியானது.

வெண்டெல் அந்த அமைதியை அனுபவித்தார். கைதட்டலைவிட உயர்ந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அந்த எண்பது பேரில் எழுபத்தெட்டுப் பேர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டில் சுட்ட மிருகத்தை வலப்பக்கம் சாய்த்துத்தான் கிடத்துவார்கள். இதயம் மேலே, வானத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அது இடப்பக்கம் கிடந்தால், சுட்டவன் அதை அவமதித்தான் என்று பொருள். காடு தெரிந்த வீட்டில் பிறந்த ஏழு வயசுப் பிள்ளைக்கும் இது தெரியும். எந்த ஸ்லைடிலும் மான் சரியாகத்தான் கிடந்தது. ஆகவே வெண்டெல் வரைந்த நானூற்றுப் பதினொன்றிலும் சரியாகத்தான் கிடந்தது. ஆகவே அப்படி ஒரு முறை இருப்பதே அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாமல் போயிற்று. எண்பதில் மீதி இரண்டு பேரில் ஒருவர் அவர். இன்னொருவர் பக்‌ஷாய்.

"அப்படியே நான்!" என்றார் பக்‌ஷாய், தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு. "எப்படி மாஸ்டர் இப்படி அச்சு அசலா?"

தலைவர் மகிழ்ந்தபின் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பழக்கம் ஆட்சி மாறியும் மாறவில்லை. சிலர் கைதட்டினார்கள். தெம்யேன் ரோகுஷ் மட்டும் தொப்பியைக் கழற்றி, படத்தில் கிடந்த மானுக்கு வணக்கம் சொல்வதுபோல் ஒரு கணம் பிடித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"வாங்க, வெளியே," என்றார் பக்‌ஷாய். "மாஸ்டரை வேட்டைக்காரராக்கணும்."

முற்றத்தில் தேவதாரு இலைமேல், காலையில் சுட்ட கலைமான் ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். வாயில் ஓக் இலைக்கொத்து, செத்த மிருகத்துக்கு மரியாதையாகக் கொடுக்கிற கடைசிக் கவளம். புதிதாகச் சேர்கிறவன் அதன்மேல் குப்புறப் படுக்க வேண்டும். தலைமை வேட்டைக்காவலர் ஒரு வழவழப்பான பிரம்பால் பின்பக்கத்தில் மூன்று முறை தட்டி, சேர்த்துக்கொண்டோம் என்பார். கௌரவ உறுப்பினருக்கு இறகால் தொட்டமாதிரி தட்டுவார்கள். கிடத்திய மிருகத்துக்கு எதிரே யாராவது முறைதவறினாலும் அதே பிரம்பு, அதே மூன்று. ஆனால் இறகு இல்லை.

வெண்டெல் மானைப் பார்த்தார். ஏதோ உறுத்தியது. அதன் தலை ஒரு பக்கம் இருந்தது, அவர் படத்தில் எதிர்ப் பக்கம். ஜன்னல் வழியாகப் படம் முழுவதும் தெரிந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். லேஹெல் வேறு காமிராவைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள் என்று அவருக்குப் பதற்றம் வந்தது. முப்பது வருடமாக அவரைக் காப்பாற்றிய அதிகாரக் குரலை எடுத்தார்.

"ரோகுஷ், பசங்க தப்பாப் போட்டிருக்காங்களே. இதைத் திருப்பிப் போடுங்க."

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை.

"என்ன மாஸ்டர்?" என்றார் தெம்யேன்.

"மானைத் திருப்பணும்யா. அந்தப் பக்கம் சாய்ச்சு. படத்துல இருக்கிற மாதிரி. நான் எத்தனை வருஷமாக் காட்டுல பாத்துட்டு வரேன்."

"ஆமா, திருப்புங்கடா!" என்றார் பக்‌ஷாய். "மாஸ்டருக்குத் தெரியாததா?"

யாரும் குனியாததைக் கண்டு வெண்டெல் பொறுமை இழந்தார். "இப்படி," என்று எப்படித் திருப்புவது என்று காட்டப் போனார். அந்தப் பக்கத்துக் காலைப் பிடிக்க வேண்டுமல்லவா? பூட்ஸைத் தூக்கி, கிடந்த மானைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கினார்.

எழுபத்தெட்டுப் பேர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. பாதிரியார்கூட சிலுவை போட்டுக்கொண்டார்.

தெம்யேன் பிரம்பை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "திருப்பலாம் மாஸ்டர். முதல்ல நீங்க படுங்க. வலப்பக்கமா, இடப்பக்கமா, எப்படி வசதி?"

யாரோ குபீரென்று சிரித்தார்கள். எதெல்காவின் சிரிப்பு. வெண்டெல் குப்புறப் படுத்தார். மானின் மயிர் ஈரமாக, துர்வாடையோடு மூக்கில் ஏறியது.

முதல் அடி விழுந்தபோதே இறகில்லை என்று தெரிந்துவிட்டது.

"இந்த மூணும் சங்கத்துல சேந்ததுக்கு," என்றார் தெம்யேன். அடித்தார்.

"இந்த மூணும், வலப்பக்கம் சாய்க்கணும், இதயம் மேல இருக்கணும்கிறதுக்கு." அடித்தார்.

"இந்த மூணும், கிடக்கிற உயிரைத் தாண்டினதுக்கு." அடித்தார். பிறகு நிமிர்ந்து பக்‌ஷாயைப் பார்த்தார். "தலைவரே, நீங்களும் திருப்பச் சொன்னீங்க. அதுக்கு மூணு இருக்கு."

பக்‌ஷாயின் முகம் அவருடைய சொந்தத் தொத்திறைச்சியின் நிறத்துக்குப் போனது. நாலு வருடம் துப்பாக்கி தூக்கி, இன்றுதான் அவருக்கும் பாடம். சுற்றியிருந்த வேலைக்காரர்கள், கடன்காரர்கள், சங்கத்து ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தலைவரைப் படுக்க வைப்பதா?

"மாஸ்டர் சொன்னாரேன்னுதான் நான் சொன்னேன்," என்றார் பக்‌ஷாய். "அது அவரோடதுதான்."

"அப்படியா மாஸ்டர்?"

மானின்மேல் கிடந்த வெண்டெலுக்குப் பதினாலு கூடங்கள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றன. "என்னோடதுதான்," என்றார், மயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

அந்த மூன்றுதான் இருந்ததிலேயே பலமானவை. எழுபத்தெட்டுப் பேரும் தலைவருக்குக் கொடுக்க நினைத்ததெல்லாம் அதில் இருந்தது.

விருந்தில் மான் கறிக் குழம்பு. எல்லோரும் நீளப் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். வெண்டெல் தட்டைக் கையில் பிடித்துச் சுவரோரம் நின்று சாப்பிட்டார். யாரும் அவரோடு பேசவில்லை. யாரும் அவரை வெளியே போகச் சொல்லவும் இல்லை. சங்கத்தில் சேர்த்தாகிவிட்டது, பன்னிரண்டு அடியோடு. பக்‌ஷாய் மட்டும் கடந்து போகும்போது தோளைத் தட்டி, "படம் அங்கேயே இருக்கட்டும். இறக்கினா எனக்குத்தான் அசிங்கம். ஆனா அந்தப் பதினாலு கூடம்... பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார். 'பாப்போம்' என்றால் என்னவென்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெஞ்சின் மறுகோடியில் லேஹெலுக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வெண்டெல் குழம்பை முழுங்கிக்கொண்டிருந்தபோது ஓர் ஆஸ்திரியப் பல் டாக்டர் படத்தின் முன்னால் வந்து நின்றார். காலை வேட்டைக்கு வந்து, முற்றத்தில் நடந்ததைக் காரில் தூங்கித் தவறவிட்டவர். வெகுநேரம் படத்தையே பார்த்தார்.

"நீங்கதான் வரைஞ்சவரா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். "நான் எத்தனையோ வேட்டைக் கூடம் பாத்திருக்கேன். இடப்பக்கம் சாஞ்ச மானை எங்கேயும் பாத்ததில்லை. ஏதோ காரணம் இருக்கணும்."

வெண்டெல் தட்டைக் கீழே வைத்தார். நெளிந்து, வலியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"இருக்கு," என்றார். "எல்லாரும் இதயத்தை வானத்துக்குக் காட்டறாங்க. நான் அதை மண்ணுக்குத் திருப்பிக் குடுத்தேன். அதுக்கு நான் என்ன விலை குடுத்தேன்னு இங்கே எல்லாருக்கும் தெரியும்."

டாக்டருக்குக் கண் கலங்கியது. கோட்டுப் பையிலிருந்து தன் மானின் புகைப்படத்தை எடுத்தார். அதில் மான், சரியாக, வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"எனக்கும் அதே மாதிரி," என்றார். "இடப்பக்கம்."

வெண்டெல் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் பக்கம்னா," என்றார், "கொஞ்சம் கூட ஆகும்."